பக்கத்து மாடியின் சின்னச் சட்டைகள்

நகரத்திலேயே உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறி வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? கடலையும் மலையையும் என்று யாராவது சொன்னால் அவர் அங்கே போனதில்லை என்று அர்த்தம். தங்கள் வீட்டைத்தான் தேடுவார்கள். காலையில் பூட்டிவிட்டு வந்த வீடு, சாயங்காலம் திரும்பிப்போய்ப் படுக்கப்போகிற வீடு, அதை அங்கிருந்து ஒரு தடவை பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி ஒரு கூச்சல். இஸ்திரியக்காவின் கணவர் வேலைக்காலம் முழுக்கக் கேட்டது அந்தக் கூச்சலைத்தான்.

அந்த மொட்டை மாடியின் நாலு மூலையிலும் இரும்புத் தண்டில் பொருத்திய பெரிய தொலைநோக்கிகள் உண்டு. அவற்றைத் துடைப்பதும், எண்ணெய் போடுவதும், வருகிறவர்களுக்குத் திருப்பிக் காட்டுவதும் அவர் பொறுப்பு. எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். "உங்க வீட்டுக்கிட்ட என்ன இருக்கு?" பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, மரக்கடை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு கையால் குழலை நகர்த்திக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, "இப்பப் பாருங்க" என்பார். வீடு அங்கே நிற்கும். கட்டடத்தில் எல்லோரும் அவரை பைனாகுலர் என்றே கூப்பிட்டார்கள். தெருவில் பால் போடுகிறவர்கூட "பைனாகுலர் வீடு" என்றுதான் சொல்வார். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இஸ்திரியக்காவோ ஒருநாளும் அங்கே ஏறியதில்லை. முக்காலி மேல் ஏறிப் பரணைத் துடைத்தாலே அவளுக்குத் தலை சுற்றும். தெருமுனை லாண்டரியில் மேஜை முன்னால் நின்றபடி நாளெல்லாம் துணி தேய்க்கிறவள், கால் தரையில் இருக்கிற வரைக்கும் அவளை யாரும் அசைக்க முடியாது. கசங்கிய துணியைக் கையில் எடுத்ததும் அதைப் போட்டவர் குண்டா ஒல்லியா, உட்கார்ந்து செய்கிற வேலையா, கோபக்காரரா என்றெல்லாம் சொல்வாள். கோபக்காரர் எப்படித் தெரியும் என்று லாண்டரி முதலாளி ஒருமுறை கேட்டார். மேல் பட்டன் பிய்ந்திருக்கும் என்றாள். முதலாளி தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிட்டே வளர்த்தார்கள். அந்தப் பாப்பா தனக்குப் பிடித்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னபோது, பைனாகுலர் குதித்த குதி கொஞ்சமல்ல. அவன் பஸ் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவன், நிரந்தர வேலையில்லை, வீட்டில் நாலைந்து தம்பி தங்கைகள். "உன் வாசப்படியை மிதிச்சேன்னா நான் மனுஷனே இல்ல" என்று கத்தினார். பாப்பா அவர் மகள் ஆயிற்றே. "மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் பாப்பா என்ற சொல்லே எழவில்லை. இஸ்திரியக்கா வாராந்திர விடுமுறையில் சந்தைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போய் மகளைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது வெண்டைக்காயோ கத்தரிக்காயோ வாங்கி வந்துவிடுவாள். கணவருக்கு அது தெரியாது. ஒருநாள் மட்டும், பேச்சுவாக்கில் சொல்வதுபோல, "அவ வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, மாடியில நீலத் தொட்டி இருக்கிற வீடாம். யாரோ சொன்னாங்க" என்று போட்டு வைத்தாள். அவர் காதில் வாங்காத மாதிரி செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாங்கித்தான் இருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், கை கால் கழுவாமல், சட்டையைக் கழற்றாமல், அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"என் பொண்ணு வீட்டுக் கொடியில சின்னச் சின்னத் துணியா காயுது. குழந்தை பொறந்திருக்குடி."

வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னார்? பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. தினமும் காலையில் கூட்டம் வருமுன் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிடுகிறாராம். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனிதர்.

இஸ்திரியக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். பாப்பாவுக்குக் குழந்தை இல்லை. தரித்த கரு கலைந்து, அந்த மாதம்தான் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு வந்ததே இவள்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீலத் தொட்டி வைத்த வீடு ஒன்றா இரண்டா? ஊருக்கெல்லாம் வீடு காட்டுகிற மனிதர் சொந்த மகளின் வீட்டைத் தவறவிட்டு, யாரோ ஒருத்தி வீட்டுக் கொடியைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார்.

சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் 'என் பொண்ணு' என்றாரே! ஒரு வருஷமாக வாயில் வராத சொல். அது அப்படியே உள்ளே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு 'அப்படியா'தான் வினை.

அதற்குப் பிறகு தினமும் செய்தி வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் கொடியில் பார்த்ததைச் சொல்வார். இன்றைக்கு மஞ்சள் சட்டை. இன்றைக்குக் கம்பளித் தொப்பி, சளி பிடித்திருக்கும் போல. முகமெல்லாம் அந்தத் தூரத்துக்குத் தெரியாது, உருவம் மட்டும்தான் என்றும், பாப்பா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள் என்றும் சொல்வார். "முழங்காலுக்குக் கீழ வர்ற கால்சட்டை, இடுப்புல ரப்பர் வச்சது. என்ன வயசு இருக்கும்?" என்று இவளைக் கேட்பார். துணி விஷயத்தில் இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நடக்க ஆரம்பிச்சிருக்கும்" என்பாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். இவள் சொல்லச் சொல்லக் குழந்தை வளர்ந்தது. தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது. பையன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாலு வருஷமாக அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இல்லாத பேரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இதற்கிடையில் பாப்பாவுக்கு இன்னொரு முறையும் தங்கிக் கலைந்தது. அன்றைக்கு இஸ்திரியக்கா மகள் வீட்டிலிருந்து அழுது வீங்கிய கண்ணோடு திரும்பினாள். அவர் எதிரே உட்கார்ந்து, பையன் கொடியைப் பிடித்துத் தொங்கியதைச் சொல்லிச் சிரித்தார். வெங்காயம் நறுக்கினேன் என்றாள்.

பைனாகுலருக்கு ஓய்வு வயது வந்தது. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் ஒரு சாக்கு மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தார். சாக்கைப் பிரித்தால் உள்ளே சிவப்பு நிறத்தில் மூன்று சக்கர சைக்கிள். மணியை ஒருமுறை அடித்துக் காட்டினார்.

"நாளையோட வேலை முடியுது. நாளன்னைக்குப் போறேன். பாப்பா வாசல்ல நின்னு இதைக் குடுக்கிறேன். அவ என்னைத் திட்டட்டும், கதவைச் சாத்தட்டும், பரவாயில்ல. பையனுக்கு நாலு வயசாச்சு, தாத்தான்னு ஒருத்தன் இருக்கிறது தெரிய வேணாமா?"

சைக்கிளைப் பரணில் ஏற்றிவிட்டுப் படுத்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். இஸ்திரியக்காவுக்குத்தான் தூக்கம் போயிற்று. போகிறேன் என்று அவர் வாயால் சொல்லவேண்டுமென்று எத்தனை காலம் காத்திருந்தாள்! இப்போது சொல்லிவிட்டார். ஆனால் யாருக்காகப் போகிறார்? அந்த சைக்கிளோடு அவர் போய் நின்றால் பாப்பா தாங்குவாளா? பேரனே இல்லை என்று சொல்லிவிட்டால், வெறும் மகளுக்காக அவர் போவாரா? இந்தக் கடைசிக் கேள்விதான் அவளை உலுக்கியது. இத்தனை நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் உண்மையில் அதுதான் காரணம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை.

விடிந்ததும், "நானும் இன்னைக்கு வரேங்க. கடைசி நாள், வீட்டு ஆளுங்களை ஏத்துவாங்கன்னு சொன்னீங்களே" என்றாள்.

"நீயா? முக்காலியில ஏறினாலே கத்துவியே!"

"கத்த மாட்டேன்."

லிஃப்ட் ஏறுகையில் அவளுக்குக் காது அடைத்தது. வயிறு கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது. கதவு திறந்தபோது அவள் எதிர்பார்த்தது வானத்தை. முதலில் வந்ததோ காற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முழங்கையைப் பிடித்தபடி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தாள். அவர் மாப்பிள்ளை தோரணையில் எல்லாவற்றையும் காட்டினார். ஏசிக்காக இரைந்துகொண்டிருக்கும் ராட்சதப் பெட்டிகள், ராத்திரி விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்கு, இடிதாங்கிக் கம்பி, புறாக்கள் வராமல் கட்டிய வலை, அந்த வலையின் மேலேயே உட்கார்ந்திருந்த புறாக்கள். நெஞ்சளவு கைப்பிடிச் சுவருக்கு மேல் தடித்த கண்ணாடி வைத்திருந்தார்கள். "இதுல சாஞ்சுக்கோ, ஒண்ணும் ஆகாது" என்றார். அவள் சாயவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

எவ்வளவு மாடிகள்! ஊரில் யாரும் நிமிர்ந்து பார்க்காத மொட்டை மாடிகளெல்லாம் இங்கிருந்து மல்லாந்து கிடந்தன. எல்லாவற்றிலும் கொடி, எல்லாக் கொடியிலும் துணி. தேய்த்து முடியாத அளவு துணி. அவளுக்குத் தலை சுற்றவே மறந்துவிட்டது.

"வா, நம்ம பையனைப் பாரு" என்று கிழக்கு மூலைத் தொலைநோக்கிக்கு அழைத்துப்போனார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, தொடக்கூடத் தேவையில்லாத மாதிரி ஒரு தட்டுத் தட்டிக் குழலை நிறுத்தினார். அவள் குனிந்து கண்ணை வைத்தாள்.

நீலத் தொட்டி. கொடியில் ஈரத் துணிகள். அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு குழந்தை ஓடியது. சட்டைகளை முட்டி முட்டித் திரும்ப ஓடியது. காதால் கேட்டுக் கேட்டு வளர்த்த பிள்ளை! இடுப்பில் ரப்பர் வைத்த கால்சட்டைக்கு வயது சொன்னவள் அவள்தானே? அவளும்தான் இந்தப் பிள்ளையைக் கொஞ்சியிருக்கிறாள், மனதுக்குள், யாருக்கும் தெரியாமல். அதை இப்போது தன் கையாலேயே நகர்த்த வேண்டும்.

கைப்பிடியைப் பிடித்துக் குழலைத் திருப்பினாள். வீடுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. வாரந்தோறும் நடந்துபோகிற தெரு அது, ஆனால் மேலேயிருந்து ஒன்றுமே புரியவில்லை. இடது எது வலது எது என்று தட்டுக்கெட்டுப் போனாள்.

"என்ன தேடுற? நம்ம வீடு இந்தப் பக்கம் இல்ல."

"பாப்பா வீட்டைத் தேடுறேன்."

"அதைத்தானே காட்டினேன்!"

"அது பாப்பா வீடு இல்லைங்க."

காற்று இரைந்தது. அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அவளை மெதுவாக நகர்த்திவிட்டுக் குழலின் முன்னால் நின்றார். பிறகு, யாரோ ஒரு அந்நியரிடம் கேட்பதுபோல, தன் தொழிற்குரலில் கேட்டார்.

"வீட்டுக்கிட்ட என்ன இருக்கு?"

"பள்ளிக்கூடத்துப் பின் கேட். அதுக்கு எதிர்ல சைக்கிள் ரிப்பேர் கடை."

"அப்புறம்?"

"கடையை ஒட்டி ஒரு சந்து. சந்துல மூணாவதா மாடிப்படி வெளியில இருக்கிற வீடு. படியில ஒண்ணு உடைஞ்சிருக்கும், காலைப் பாத்து வைக்கணும்."

குழல் நின்றது. படி உடைந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அது அவருக்கு விளங்காமல் இருக்குமா? தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "சந்தைக்குப் போற நாளா?" என்றார். அவள் தலையாட்டினாள். மறுபடி குனிந்தார்.

"கிடைச்சிருச்சு. நீலத் தொட்டி. மாடியை மறைச்சு ஒரு பெட்ஷீட் தொங்குது. பின்னால ஒண்ணும் தெரியல."

"அவ அப்படித்தான் போடுவா. இந்தப் பக்கத்துக் கொடியில முதல்ல பெட்ஷீட்டைக் கட்டிட்டுத்தான் மத்ததை உள்பக்கம் காயப்போடுவா."

"ஏன்?"

"நீங்க இங்க நிக்கிறது அவளுக்குத் தெரியாதா? இந்தக் கட்டடம் எங்கேருந்து பாத்தாலும் தெரியுதே. அப்பா பாத்தாலும் பாப்பாரு, கொடியில சின்னத் துணி ஒண்ணுமே இல்லைங்கறது அவருக்குத் தெரிய வேணாம்மான்னு சொன்னா." இதுவரை அடக்கி வைத்த குரல் உடைந்தது. "ரெண்டு தடவைங்க. ரெண்டு தடவையும் தங்கல."

பைனாகுலர் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்க்க அங்கே வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் கிடையாது. ஆனாலும் எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்குவதை இஸ்திரியக்கா பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத காட்சி அது. என்ன செய்வதென்று தெரியாமல், அவர் சட்டை முதுகில் காற்று உப்பிய இடத்தைக் கையால் நீவிவிட்டாள். காலையில் தேய்த்துக் கொடுத்த சட்டை.

பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. "ஐயா, எங்க வீடு தெரியுமா?" அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், அதே கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "வீட்டுக்கிட்ட என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

அன்று முழுக்க அவர் அவளிடம் பேசவில்லை. அவள் நிழல் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொருவருக்கும் வீடு கண்டுபிடித்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வருத்தமா? நாலு வருஷம் தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று நினைக்கிறாரா? நினைத்தால் அதில் தப்பில்லை. அவர் ஒரு முறைகூட கிழக்கு மூலைக்குப் போகவில்லை என்பதை மட்டும் கவனித்தாள்.

வேலை முடிந்ததும் மேலாளர் கைகுலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். நேரம் பார்த்து ஓடவேண்டிய வேலையெல்லாம் முடிந்த பிறகு கடிகாரம் கொடுப்பது என்ன கணக்கோ. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே வந்தார். பஸ் நிறுத்தத்தில் அவர்கள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. போய்விட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸு?" என்றார்.

"நாளைக்குப் போகலாமே. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க."

"நாளைக்குன்னா யோசிச்சிடுவேன்."

"வெறுங்கையோடயா?"

"சைக்கிளையா தூக்கிட்டுப் போகச் சொல்ற?" என்று சீறினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குரல் இறங்கியது. "என்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்டி."

"சொன்னா நீங்க பாக்கிறதை நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நிறுத்தியிருப்பேன்" என்றார். அவளுக்கு அந்தப் பதில் வலித்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதல்.

உடைந்த படியில் அவர் காலைப் பார்த்து வைத்தார். மாடியில் பாப்பா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பல்லில் ஒரு கிளிப்பைக் கடித்தபடி திரும்பியவள், அப்பாவைக் கண்டு அப்படியே நின்றாள். கிளிப் கீழே விழுந்தது. அவர் கடிகாரத்தை நாற்காலியில் வைத்தார். என்ன சொல்வதென்று தெரியாத மனிதர்கள் செய்வதுபோல, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். நாலைந்து மாடிகள் தள்ளி இன்னொரு நீலத் தொட்டி. அதன் அடியில் ஒரு குழந்தை சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"பொண்ணா அது?" என்றார் இஸ்திரியக்காவிடம், மெல்ல. "அதைக்கூடத் தப்பாத்தான் பாத்திருக்கேன்."

பிறகு மகளிடம் திரும்பினார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார். சதையெல்லாம் போடவில்லை. இளைத்திருந்தாள்.

"நாளையிலேருந்து நான் அங்க மேல இருக்க மாட்டேன், பாப்பா" என்றார். "யாரும் பாக்க மாட்டாங்க. அந்தப் பெட்ஷீட்டை எடுத்துடு."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொல்லிவிட்டாள் என்பது புரிந்துவிட்டது. நேரே போய், கட்டடத்துப் பக்கக் கொடியிலிருந்து பெட்ஷீட்டின் கிளிப்புகளைக் கழற்றினாள். பின்னால் இருந்த துணிகள் தெரிந்தன. நாலு ஆண் சட்டை, பெயின்ட் கறை பட்ட ஒரு கால்சட்டை, இரண்டு சேலை. அவ்வளவுதான். அவர் அதையெல்லாம் பார்த்தார், கண்ணை விலக்கவில்லை. பெட்ஷீட்டின் ஒரு முனையை அவள் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்து உதறினார்கள். மடிக்க வேண்டுமானால் இருவரும் எதிரெதிரே நடந்து வரவேண்டும். வந்தார்கள். அவர் கையிலிருந்த முனைகளை அவள் கையில் சேர்த்தபோது பாப்பா விடவில்லை, துணியோடு சேர்த்து அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியை அவர் நெஞ்சில் வைத்து, "இவ்வளவு நாளாப்பா?" என்று அழுதாள். அவர் பெட்ஷீட்டையும் மகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் அதை மடித்து முடித்தார்கள். அவருக்கு மடிக்கவே தெரியவில்லை. மூலைகள் சேரவில்லை, நடுவில் ஒரு புடைப்பு. இஸ்திரியக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் அவள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.